சாயங்காலமானால் சாகும் போன்

ஒரு வக்கீலும் ஒரு பல் டாக்டரும் சேர்ந்து லிஃப்டில் மாட்டிக்கொண்டதில் தொடங்கியது வினை.

ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. வக்கீல் அவசரப் பொத்தானை அழுத்தினார். லிஃப்டுக்குள் இருக்கும் அந்தச் சிவப்புப் பொத்தானை யார் அழுத்தினாலும், அந்த வட்டாரத்து லிஃப்டுகளைக் கவனிக்கும் மெக்கானிக்கின் செல்போனில் மணி அடிக்கும்; உள்ளே இருந்தபடியே அவரோடு பேசலாம். அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. போன் செத்துக் கிடந்தது. வக்கீல், கேஸ் போடுவேன் என்று லிஃப்டின் சுவரைப் பார்த்து வாதாடினார். பல் டாக்டருக்குப் பொழுது போகவில்லை. "வாயத் திறங்க, சும்மா பாக்குறேன்" என்று எட்டிப் பார்த்துவிட்டு, மூன்று பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். வெளியே வரும்போது வக்கீலின் முகம் வீங்கியிருந்தது. பல்லாலா, கோபத்தாலா, தெரியவில்லை.

மறுநாள் காலை அந்த மெக்கானிக் மேலாளர் முன்னால் நின்றார். மெக்கானிக்கை இனி நம்மாள் என்றே வைத்துக்கொள்வோம். மேலாளருக்கு ஊழியர்கள் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வெடி. அவர் பேசினால் பக்கத்து மேஜையில் பேனா உருளும்.

"யோவ்! உன் போனு ஏன்யா செத்துச்சு?"

"லிஃப்ட் குழிக்குள்ள சிக்னல் கிடைக்காது சார். போன் என்ன பண்ணும், பாவம்? டவர் எங்க, டவர் எங்கன்னு தேடித் தேடியே உயிர விட்டுடுது. போதாததுக்கு நான் வேற டார்ச் அடிக்கிறேன்..."

"இப்ப என்ன, அதுக்கு அனுதாபக் கூட்டம் போடணுமா? இந்த வாரத்துக்குள்ள நல்லா சார்ஜ் நிக்கிற போனா வாங்குற. இன்னொரு தடவ உன் போன் செத்துச்சு, பக்கத்துலயே உன் வேலையையும் படுக்க வச்சு ரெண்டுக்கும் சேர்த்து மாலை போட்டுடுவேன். போ!"

பேனா உருண்டது. நம்மாளும் உருண்டு வெளியே வந்தார்.

வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு அண்ணன் மாதிரி இன்னொரு பயமும் கூடவே வந்தது. நல்ல சார்ஜ் நிற்கும் போன் வாங்கிவிட்டால், அந்த ஒரு மணி நேரம் என்ன ஆவது?

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்மாள் குடியிருப்பது ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான். மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் அறை. சாவி அவரிடம் மட்டும். உள்ளே ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி. ஊரில் எல்லோரும் வேலை முடிந்தால் வீட்டுக்குப் போவார்கள். நம்மாள் வீட்டைத் தாண்டிப் போவார். லிஃப்ட் ஐந்தாவது மாடியைக் கடக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மேலே போய், கதவைத் திறந்து வைத்து, காலை நீட்டி, கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தால், ஊரே ஒவ்வொரு விளக்காகக் கண் விழிக்கும். காற்று வந்து சட்டைக்குள் புகுந்து குசலம் விசாரிக்கும். அந்த நேரத்தில் அவர் யாருக்கும் புருஷன் இல்லை, யாருக்கும் ஊழியர் இல்லை. வெறும் காற்று வாங்கும் ஜீவன்.

அதே நேரத்தில் ஐந்தாவது மாடி அடுப்படியிலிருந்து வீட்டம்மா அவருக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டிருப்பார். வரும்போது தக்காளி. இஸ்திரிக்குக் கொடுத்த துணி. குழாய் ஒழுகுகிறது, வாஷர்.

"கூப்பிட்டேனே, எடுக்கலையே?"

"சார்ஜ் இல்லம்மா."

எப்பேர்ப்பட்ட பதில்! பொய்யாக இருந்திருக்க வேண்டிய ஒன்று, கடவுள் புண்ணியத்தில் உண்மையாகவே இருந்தது. சந்தேகப்பட்டு வாங்கிப் பார்த்தாலும் போன் கறுப்பாகத்தான் கிடக்கும். அந்தக் கறுப்புத்தான் அவருடைய சுதந்திரம். அதற்குத்தான் வெடி வேட்டு வைத்துவிட்டார்.

நம்மாள் ஒரு முடிவெடுத்தார். போன் சாகவும் கூடாது, செத்துத்தான் ஆகவும் வேண்டும். கம்பெனிக்கு உயிரோடு, வீட்டுக்குப் பிணமாக. இப்படி ஒரு போனைத் தேடிக் கடைக்குப் புறப்பட்டார்.

போன் கடைக்காரர் மூச்சு விடாமல் பேசுகிற ரகம். "வாங்க சார் உக்காருங்க சார் இது பாருங்க சார் நூறு மெகாபிக்சல் நிலாவப் போட்டோ எடுத்தா நிலாவுல இருக்குற பள்ளத்துல தேங்கின தூசி தெரியும் சார்..."

"நான் லிஃப்ட் குழிக்குள்ள இருக்கிற ஆளு. நிலா தெரியாது. சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?"

"காலைல போட்டா சாயங்காலம் வரைக்கும் ராஜா மாதிரி..."

"சாயங்காலத்துக்கு மேல?"

"ராஜாவும் தூங்கணுமில்ல சார்?"

நம்மாள் தன் தொழிலை விளக்கினார். குழி, சிக்னல், டார்ச், வெடி. கடைக்காரர் முதல் முறையாக மூச்சு விட்டார். முகம் மாறியது. வியாபாரி போய் வைத்தியர் வந்தார்.

"அப்போ உங்களுக்கு இந்த அழகான போனெல்லாம் ஆகாது சார். பாட்டரி பெருசா இருந்தா மட்டும் பத்தாது. ஸ்க்ரீன் பளபளன்னு இருந்தா அதுவே பாதியத் தின்னுடும். உள்ள இருக்கிற சிப்பு சாதுவா இருக்கணும். சிக்னல் இல்லாத இடத்துல அலட்டிக்காம இருக்கணும்." குனிந்தார். கீழ்த்தட்டில் கையை விட்டு, இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். மேஜை 'ம்' என்றது.

செங்கல்.

"பத்தாயிரம் எம்ஏஎச் பாட்டரி சார்! மத்ததெல்லாம் ஐயாயிரம். இது ஒரே சட்டைக்குள்ள ரெண்டு போனு. கீழ போட்டா தரைக்குத்தான் அடிபடும். ரிங் சத்தம் இருக்கே, மோட்டார் ஓடும்போதும் கேக்கும், எதிர்த்தெருவுக்கும் கேக்கும். வெளிவேலை பாக்குறவங்களுக்குன்னே செஞ்சது. இத வாங்கிட்டுப் போன ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்ல சார்."

"ஏன், என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"சார்ஜர் கேட்டுக்கூட வரலைங்கறேன்!"

நம்மாள் அதைக் கையில் வாங்கினார். கை தாழ்ந்தது. மனம் உயர்ந்தது. கோயில் கதவைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி... ஒரே ஒரு நம்பருக்கு மட்டும் இது செத்த மாதிரி நடிக்குமா?"

கடைக்காரர் அவருடைய விரலில் கிடந்த மோதிரத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். ஏதோ ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்போல் இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

"அந்த நம்பர பிளாக் பண்ணிடுங்க. உங்களுக்கு மணியே அடிக்காது. வீட்டுக்குப் போறதுக்கு முன்னால பிளாக்க எடுத்துடுங்க. மறந்துடாதீங்க சார். ஒருத்தர் மறந்துட்டாரு. இப்ப கடைக்குப் பின்னாலதான் குடியிருக்காரு."

கம்பெனிக்குப் போய் அங்கிருந்த சார்ஜரில் போட்டு நூறு வரை ஏற்றினார். பத்தாயிரம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த அட்டைப் பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டார். வீட்டுக்கு வந்ததும், நம்ப வைப்பதற்காகவே, புது சார்ஜரை எல்லோர் கண்ணிலும் படும்படி அலமாரி மேல் வைத்தார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வீட்டம்மா ஒரு வீட்டுச் சாமான் கம்பெனியின் சர்வீஸ் கவுண்டரில் உட்காருகிறவர். எரிந்துபோன இஸ்திரிப் பெட்டி, சுற்றாத மின்விசிறி, ஒழுகும் கெட்டில் எல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். "தானா நின்னுடுச்சு மேடம், நான் தொடக்கூட இல்ல" என்று நாள் முழுக்கக் கேட்கிற காது அது. இரண்டு நாள் கழித்து அவர் போனை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை மேலும் கீழும் ஆட்டினார்.

"என்னங்க, இவ்வளவு கனமா இருக்கு?"

"கனம் மட்டும்தாம்மா. ஏமாந்துட்டேன். மதியம் வரைக்கும் சரியா இருக்கு. சாயங்காலமானா பொசுக்குன்னு போயிடுது."

"அடப் பாவமே! புதுசாச்சே."

"என் ராசிம்மா."

"சரி விடுங்க. பாவம் நீங்க."

அவ்வளவுதான். சண்டை இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. பாவம் என்று இரண்டு தடவை வேறு சொன்னார். நம்மாள் அன்றிரவு குழந்தைபோல் தூங்கினார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் இருக்கிறதே, அதுதான் வாழ்க்கை. செங்கல் குழிக்குள் போனது. டார்ச் அடித்தது. ஒரு மதியம் முழுக்கப் பழைய பாட்டுப் பாடியது. நடுவில் ஒரு தடவை கை தவறி விழுந்து, லிஃப்ட் குழியின் தரையில் ஒரு சின்னப் பள்ளம் தோண்டிவிட்டு எழுந்து வந்தது. நம்மாள் எடுத்துப் பார்த்தார். சார்ஜ் தொண்ணூற்றொன்று. இன்னொரு நாள் வேண்டுமென்றே வெளிச்சத்தை முழுக்க வைத்து, ஒரு சினிமாவை ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். வந்து பார்த்தால் கதாநாயகன் செத்திருந்தான், போன் சாகவில்லை. எண்பத்து நான்கு. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது மனிதன் செய்ததா, மலை பெற்றதா? மெல்லத் துடைத்துப் பையில் வைத்தார். பக்கத்து வட்டார மெக்கானிக்குகள் வரிசையில் வந்து தூக்கிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

சாயங்காலமானால் மொட்டை மாடி. வீட்டம்மாவின் நம்பருக்குப் பூட்டு. வேர்க்கடலை. காற்று. திரும்பும்போது பூட்டைத் திறந்து, போனை அணைத்து, சோகத்தை முகத்தில் மாட்டிக்கொண்டு ஐந்தாவது மாடி. அதற்கு மேல் வரும் அவசர அழைப்பெல்லாம் இரவு ஷிஃப்ட் ஆளுக்கு.

"இன்னிக்கும் கூப்பிட்டேன்..."

"இன்னிக்கும் போச்சும்மா."

"பாவம்."

பிறகு ஒரு சாயங்காலம். நாற்காலியில் சாய்ந்து, வேர்க்கடலையில் பாதியைத் தாண்டியிருந்தார். செங்கல் அலறியது.

சும்மா அலறவில்லை. மோட்டார் அறை அதிர்ந்தது. கம்பி வழியாகச் சத்தம் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, ஒவ்வொரு மாடியாகக் கதவைத் தட்டிவிட்டு வந்தது. அவசர அழைப்பு! நம்மாள் நிமிர்ந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் பேசுவதற்கென்று கம்பெனி ஒரு குரலைப் பழக்கியிருந்தது. தேனில் ஊறிய பஞ்சுபோல் ஒரு குரல். வீட்டில் அதை அவர் எடுத்ததே இல்லை.

"வணக்கம். பதறாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க. நான் உங்களோடதான் இருக்கேன்."

"ஐயா... சாமி..." ஒரு நடுங்கும் கிழக்குரல். "லிஃப்ட்டு நின்னுடுச்சு ராசா. மூச்சு முட்டுது. நான் பொழைப்பேனா?"

"நூறு வயசு இருப்பீங்கம்மா. எந்தக் கட்டடம்னு மட்டும் சொல்லுங்க."

கிழக்குரல் கட்டடத்தைச் சொன்னது. அவர் இருந்த அதே கட்டடம். நம்மாள் திரும்பிப் பார்த்தார். மோட்டார் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கோளாறும் இல்லை.

"நிக்கலையேம்மா? மோட்டார் நல்லாத்தானே இருக்கு? என் கண்ணு முன்னாலதான் இருக்கு, பச்சை எரியுது."

"கண்ணு முன்னாலயா? அப்போ நீ எங்கய்யா இருக்க?"

"உங்க தலைக்கு மேலதாம்மா. மொட்டை மாடியில. கொஞ்சம்கூடப் பயப்படாதீங்க."

பிறகு அந்தக் கிழக்குரல் ஐம்பது வயதைக் கழற்றிக் கீழே வைத்தது.

"நான் எதுக்குங்க பயப்படணும்?"

நம்மாளின் கையிலிருந்த வேர்க்கடலை தானாகவே பொட்டலத்துக்குத் திரும்பிப் போனது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். அது இப்போது இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஒன்று, சிவப்புப் பொத்தான் வழியாகப் போனிலிருந்து. இன்னொன்று, லிஃப்ட் குழி வழியாக, நேராகக் கீழேயிருந்து.

"அங்கயே இருங்க. வர்றேன்."

மோட்டார் சுழலத் தொடங்கியது. லிஃப்ட் மேலே வந்தது. எத்தனையோ முறை அவர் எண்ணெய் போட்டுச் சத்தமில்லாமல் ஓட வைத்த லிஃப்ட். இப்போது மக்கர் பண்ணாதா என்று ஏங்கினார். பண்ணவில்லை. அவ்வளவு நல்ல மெக்கானிக்.

வீட்டம்மா கதவில் வந்து நின்றார். அடுப்படித் துணி இன்னும் தோளில் கிடந்தது. நாற்காலியைப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். நம்மாளைப் பார்த்தார். நம்மாள் இரண்டு காதையும் இடிக்குத் தயார் செய்துகொண்டார்.

"ராசா, சாமின்னதும் என்னா குழைவு! 'மெதுவா மூச்சு விடுங்க.' இந்தக் குரல் எந்தக் கடையில வாங்கினீங்க? வீட்டுக்கு ஒரு கிலோ கொண்டு வந்திருக்கலாமில்ல?"

"இல்லம்மா... இப்பத்தான்... மோட்டார்ல ஒரு சத்தம்னு..."

"தானா நின்னுடுச்சு மேடம், நான் தொடக்கூட இல்ல," என்று வீட்டம்மா முடித்து வைத்தார். அச்சு அசலாக நம்மாளின் குரலிலேயே.

நம்மாளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"கவுண்டர்ல தினமும் பாக்குறேன். பொருள் கெட்டுப்போயிடுச்சுன்னு வர்றவங்க மூஞ்சியில கடுகடுன்னு ஒரு எரிச்சல் இருக்கும். நீங்க புது போன் கெட்டுப்போச்சுன்னு சொல்லும்போது கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தீங்க. அன்னிக்கே புரிஞ்சுபோச்சு. அப்புறம் அந்த சார்ஜர்."

"சார்ஜரா? அதான் அலமாரி மேல கண்ணுக்கு முன்னால வச்சேனே!"

"வச்சீங்க. ஒயரச் சுத்தியிருந்த கம்பியப் பிரிச்சீங்களா? தினமும் சாயங்காலம் செத்துப்போற போன். ஒரு ராத்திரிகூட அதுக்கு யாரும் சோறு போடல. காலைல எந்திரிச்சுக் கம்பீரமா வேலைக்குக் கிளம்புது. நான் எத்தனையோ கெட்டுப்போன சாமானப் பாத்திருக்கேங்க. பட்டினி கிடந்து பொழைச்சுக்கிற சாமான இப்பத்தான் பாக்குறேன்."

நம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாளாகப் பத்தாயிரம் எம்ஏஎச்சைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தாரே, எதிரே நிற்கிற இந்த மூளைக்கு எத்தனை எம்ஏஎச் இருக்கும்? இதை யார் சார்ஜ் பண்ணுகிறார்கள்? எப்போது தீரும்? தீருமா? பயத்தை மீறி அவருக்குக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

இடி விழவில்லை. வீட்டம்மா மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். காற்று ஆளை மாற்றிக் குசலம் விசாரித்தது. கீழே ஊர் ஒவ்வொரு விளக்காகக் கண் விழித்துக்கொண்டிருந்தது. வீட்டம்மா வாயைத் திறந்தபடி அதையே பார்த்தார்.

"ஆத்தாடி..." என்றார் கடைசியில். "இவ்வளவு அழகாவா இருக்கு? இத்தனை வருஷமா இது என் தலைக்கு மேலேயே இருந்துச்சா?"

"ஆமாம்மா," என்றார் நம்மாள். அவரை அறியாமல் குரலில் ஒரு பெருமை. "மழை வர்ற அன்னிக்கு இன்னும் நல்லா இருக்கும்."

"ம். கவுண்டர்ல நாள் பூரா ஜனங்களோட பேச்சு. வீட்டுக்கு வந்தா குக்கரோட பேச்சு. காதுக்கு லீவே இல்ல." கையை நீட்டினார். பொட்டலம் கை மாறியது. "நாளையிலருந்து இந்த ஒரு மணி நேரம் நான் இங்க. நீங்க வீட்டுல."

"ஐயையோ! இது மோட்டார் ரூம்மா. வெளியாளுங்க வரக் கூடாது. கம்பெனி ரூலு."

"அப்படியா? ரூல்னா ரூல்தான். நாற்காலி போட்டு வேர்க்கடலை சாப்பிடலாமான்னும் சேர்த்து உங்க வெடிகிட்டயே கேட்டுடலாம். நம்பர் சொல்லுங்க."

நம்மாள் சாவியை எடுத்து நீட்டினார்.

"வீட்டுல இருந்தா... கம்பெனி கால் வந்தா?"

"எடுங்க. வீட்டுலயே எடுங்க. யாராவது மாட்டிக்கிட்டா நேரா ஓடுங்க. யாரும் மாட்டலைன்னா காய் நறுக்குங்க. குழாய்க்கு வாஷர் போடுங்க. அப்புறம் எங்க அண்ணன் இருக்காரில்ல? தெனமும் இந்த நேரத்துக்குத்தான் எனக்குக் கூப்பிட்டுத் தன்னோட முட்டிவலியப் பத்திச் சொல்லுவாரு. வலது முட்டியில ஆரம்பிச்சா இடது முட்டிக்கு வர்றதுக்கே குக்கர் நாலு விசில் போட்டுடும். இனிமே மாப்பிள்ளைகிட்டச் சொல்லுங்கண்ணான்னு உங்க நம்பரக் குடுத்துட்டேன். 'அவரு போன்ல எப்பவும் சார்ஜ் இருக்காதேம்மா'ன்னாரு. புதுசு வாங்கிட்டாருண்ணா, சும்மா மலை மாதிரி நிக்குதுன்னேன். சந்தோஷத்துல அழுதுட்டாரு."

நம்மாள் உட்காரலாம் என்று பார்த்தார். இருந்தது ஒரே நாற்காலி.

"எத்தன நாளைக்கும்மா இந்த ஏற்பாடு?"

வீட்டம்மா ஒரு வேர்க்கடலையை உரித்தார். தோலை ஊதினார். அது காற்றில் மிதந்து போவதை ரசித்துப் பார்த்தார்.

"அவசரமே இல்லங்க. இந்த போன்ல சார்ஜ் தீர்ற வரைக்கும் இருந்தாப் போதும்."

நம்மாள் செங்கலைத் திருப்பிப் பார்த்தார். எழுபத்தொன்பது. தீர விட்டால் வேலை போகும். தீர விடாவிட்டால் இந்த வேளை போகும். கணக்கு எந்தப் பக்கம் போட்டாலும் விடை அந்த நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது.

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் அலறியது. மொட்டை மாடிப் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து பறந்தன. திரையில் புது நம்பர். நம்மாள் கெஞ்சும் கண்ணோடு திரும்பினார்.

வீட்டம்மா கண்ணை மூடிக் காற்று வாங்கிக்கொண்டே சொன்னார்:

"எடுங்க. வலது முட்டியா இருக்கும்."